நாயோடு கடலோர நடை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாயைப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூர்க் கடலோரமாக நீண்ட தூரம் நடப்பதில் உள்ள சுகத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள், மீதிப் பேர் அப்பா அம்மாவைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைகள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், வட்டாரம் மட்டும் இருக்கிறது.

அக்கா, எனக்கு வயது 67. கணவர் தவறிவிட்டார். மகன் பெர்த்துக்குக் குடிபோனபோது தன் நாயை என்னிடம் விட்டுப் போய்விட்டான். ஆறு வயது, சுறுசுறுப்பான சின்ன நாய். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அதோடு நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. முடியுமா? (பிடோக் வாசகி)

முடியும், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம். நீங்கள் தனியாகப் போனால் கால் கடுக்கும் இடத்தில் நடையை நிறுத்திவிட்டு, சுரங்கப்பாதை வழியாக விரைவுச்சாலையைக் கடந்து ஏதாவது பேருந்தைப் பிடிக்கலாம், இல்லையென்றால் 2024 ஜூனில் திறந்த மரின் பரேட், சிக்லாப், பேஷோர் ரயில் நிலையங்களில் ஏதோ ஒன்றுக்குப் போய் ஏறிவிடலாம். நாய் கூட இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாயை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். ஆக, போன தூரம் முழுவதையும் திரும்பி நடந்தே ஆக வேண்டும், அதுவும் கிளம்பியபோது இருந்ததைவிட வெயில் ஏறிய நேரத்தில், களைத்த காலோடும் களைத்த நாயோடும். இந்த ஊரில் நாயோடு நீண்ட நடை போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய முதல் கணக்கு இதுதான். எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்பதைவிட, எந்த இடத்தில் திரும்பலாம் என்று கேளுங்கள்.

அதனால் தூரத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். முகர்ந்து முகர்ந்து நடக்கிற நாயோடு மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம், ஆக நாற்பது நிமிடம் போய் அங்கே திரும்பினால் வீட்டுக்கு வரும்போது நான்கு கிலோமீட்டர் ஆகியிருக்கும். முதல் மாதத்துக்கு அது போதும். அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். ஒன்பது மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும் என்பது என் வீட்டுச் சட்டம், அதில் பேரமே இல்லை.

முழுப் பூங்காவையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையைத் துண்டு துண்டாக நிறைவேற்றலாம். ஒரு வாரம் பிடோக் படகுத்துறையிலிருந்து கிழக்கே, அடுத்த வாரம் மேற்கே, இன்னொரு நாள் யாராவது காரில் மரின் பரேட் பக்கம் கொண்டுவிட்டால் அங்கிருந்து ஃபோர்ட் ரோடு பக்கம். ஒருவழி நடை போகும் நாளில் திரும்புவதற்கு வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். டாக்சி ஓட்டுநர் நாயை ஏற்றுவதும் மறுப்பதும் அவர் விருப்பம், ஆனால் வாடகை வண்டி அழைக்கும் கிராப் செயலியில் செல்லப்பிராணிகளுக்கென்று தனிச் சேவை இருக்கிறது, கட்டணம் கொஞ்சம் கூடுதல். பூங்காவில் ஒவ்வொரு கார் நிறுத்துமிடத்துக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. அதைச் சொன்னால் ஓட்டுநர் நேராக வந்துவிடுவார், 'கடல் தெரியுது, தென்னை மரம் தெரியுது' என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் பாவம் எங்கே வருவார்.

காத்தோங்கில் வளர்ந்த உங்கள் மாமியார், அந்தக் காலத்தில் கடல் வீட்டு வாசலுக்கே வரும் என்று சொல்வார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் பெரிதாக மிகை இல்லை. நீங்கள் நடக்கப் போகும் பூங்கா முழுவதும் 1966இல் தொடங்கிய கடல் தூர்ப்புப் பணியில் உருவான நிலம். அதற்கு முன்பு கடற்கரை, சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் இருந்தது. இனி மறுபடியும் மாறப்போகிறது. ஈஸ்ட் கோஸ்டுக்கு வெளியே கடலில் சுமார் 800 ஹெக்டர் நிலத்தை உருவாக்கும் 'லாங் ஐலண்ட்' திட்டத்தை அரசாங்கம் 2023இல் அறிவித்தது, பல பத்தாண்டு வேலை. திறந்த கடலைப் பார்த்தபடி நடக்க ஆசை என்றால் தள்ளிப்போடாதீர்கள் அம்மா.

நடந்தால் நல்லது என்று மருத்துவர் சொல்கிறார். எனக்குச் சர்க்கரை, முழங்கால் வலியும் உண்டு, வயது 72. செம்பவாங் கடற்கரையில் நாயோடு வெறுங்காலில் மணலில் நடந்தால் முட்டிக்கு நல்லது என்று நண்பர் சொல்கிறார். சரிதானா? (ஈசூன் வாசகர்)

வெறுங்கால் வேண்டவே வேண்டாம் ஐயா. சர்க்கரை பல வருடமாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சிப்பி கிழித்தாலும் சாத்தே குச்சி குத்தினாலும் தெரியாது, வீட்டுக்கு வந்து காலுறையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். அந்தப் புண் ஆறுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். மூடிய காலணி, வியர்வையை உறிஞ்சும் காலுறை, வீடு வந்ததும் பாதத்தைத் திருப்பி ஒரு பார்வை. இது மூன்றும் கட்டாயம்.

மணல் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. காய்ந்த, கால் புதையும் மணல் முட்டிக்கும் கணுக்காலுக்கும் கூடுதல் வேலை கொடுக்கும், பழக்கமில்லாதவருக்கு வலி அதிகமாகும். அலை வந்து போன ஈர மணல் இறுக்கமாக இருக்கும், அதில் நடக்கலாம். ஆனால் கரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் ஒரே திசையில் நெடுநேரம் நடந்தால் ஒரு முட்டி மட்டும் சுமை தாங்கும். போன வழியே திரும்பினால் அது சமமாகிவிடும். நீங்கள் நாயோடு போவதால் எப்படியும் திரும்பித்தான் வரப்போகிறீர்கள்!

செம்பவாங் நல்ல தேர்வு. சிங்கப்பூரில் மிஞ்சியிருக்கும் இயற்கையான கடற்கரைகளில் அதுவும் ஒன்று, எதிரே மலேசியாவின் ஜோகூர், நடுவில் அமைதியான நீரிணை. முன்பு அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் நடக்க வருகிறார்கள், பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது. கடற்கரை நீளம் குறைவு என்பதே உங்களைப் போன்றவருக்கு வசதி. இரண்டு மூன்று முறை போய் வந்தாலும் காரோ வீடோ தொலைவில் இருக்காது.

சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம். வெறும் வயிற்றில் போகாதீர்கள். உங்கள் மருந்துக்கு நடை நேரம் எது தோதானது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் இனிப்பு மிட்டாய் இரண்டு இருக்கட்டும், நிஜமான சர்க்கரை போட்டது. சர்க்கரை இல்லாத மிட்டாயும் சூயிங்கமும் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. உங்களுக்கு மயக்கம் வரும்போது அது உதவாது. இன்னொன்று, அவற்றில் பலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், அது நாய்க்கு விஷம். கொஞ்சம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை விழுந்துவிடும், ஈரலும் கெடலாம். கீழே விழுந்த மிட்டாயை உங்களுக்கு முன் யார் எடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நாய் பத்தடிக்கு ஒரு முறை நின்று முகர்கிறது. ஹெல்த்தி 365 செயலியில் என் காலடிக் கணக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. (செங்காங் வாசகி)

போகும்போது அது முகரட்டும், வரும்போது நீங்கள் வேகமாக நடங்கள். திரும்பும் வழியில் நாய்க்கு வீட்டு நினைப்பு வந்துவிடும், முகர வேண்டியதெல்லாம் முகர்ந்தாகிவிட்டது, அதுவே உங்களை இழுத்துக்கொண்டு வரும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும் நடை நடக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. தினம் அரை மணி நேரத் திரும்புநடை அதில் பெரும்பகுதியை முடித்துவிடும். காலடிக்கு அந்தச் செயலி தரும் பற்றுச்சீட்டுக்காக நாயின் மூக்கை அவசரப்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. அது நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் உங்களோடு தொடர்நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறது, பேப்பர் படிக்கிற நேரம் அதற்கு இதுதான்.

என் அப்பாவுக்கு 74 வயது. சாங்கி பக்கம் ஒரு பெரிய நாயோடு தினமும் நடக்கிறார். நாய் இழுத்து விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். நிறுத்தச் சொன்னால் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது? (தெம்பனிஸ் வாசகி)

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் நீங்கள் கேட்ட விதத்தில்தான் கோளாறு. 2019இல் 'ஜாமா சர்ஜரி' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்கள் கயிற்றில் கட்டிய நாயோடு நடக்கும்போது எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்த எண்ணிக்கை, 2004இல் சுமார் 1,671ஆக இருந்தது 2017இல் 4,396ஆகக் கூடியிருந்தது. பெரும்பாலோர் பெண்கள். இடுப்பு, மணிக்கட்டு, தோள் என்று முறிவுகள். இந்த வயதில் இடுப்பு உடைந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆனாலும் நடையை நிறுத்தச் சொல்லாதீர்கள். 74 வயதில் ஒரு மனிதர் தானாக விடியலில் எழுந்து கடலோரம் போகிறார் என்றால் அவரை அப்படிப் போகவைப்பது அந்த நாய்தான். நாயை எடுத்துவிட்டால் நடையும் போய்விடும், அப்புறம் நீங்கள் வேறு கவலைக்குக் கடிதம் எழுதுவீர்கள். சாதனங்களை மாற்றுங்கள், பேச்சை விடுங்கள்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது, விரலில் வளையமாக மாட்டிக்கொள்வது, இரண்டும் கூடாது. நாய் பாய்ந்தால் கயிற்றை விட்டுவிடும் வழி இருக்க வேண்டும். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருண்டுகொள்ளும் வகைக் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நாய் பத்து அடி ஓடி வேகம் எடுத்தபிறகு வரும் இழுப்பு அப்பாவைத் தரையில் சாய்க்கும் இழுப்பு, அதோடு சைக்கிள் பாதைக்குக் குறுக்கே அந்த மெல்லிய நூல் நீண்டிருந்தால் சைக்கிள்காரருக்குக் கண்ணுக்கே தெரியாது. ஆறடிக்கு மேல் போகாத பட்டையான வார் வாங்கிக் கொடுங்கள். பெரிய நாய்க்கு, முன்பக்கம் மார்பில் கொக்கி உள்ள பட்டை நல்லது. இழுத்தால் நாயே திரும்பிக்கொள்ளும், அதன் முழுப் பலமும் அப்பாவின் தோளுக்கு வராது. பழகாத நாய் என்றால் ஒரு பயிற்சியாளரிடம் சில வகுப்பு போகச் சொல்லுங்கள், அப்பாவும் கூடவே போக வேண்டும், நாயை மட்டும் அனுப்பிப் பயனில்லை.

சாங்கி கடற்கரைப் பூங்கா ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர், நேரான பாதை, மேடுபள்ளம் குறைவு, இந்த வயதுக்குத் தோதான இடம். ஆனால் தலைக்கு மேல் தாழ்வாக விமானம் இறங்கும் பகுதி அது, பழகாத நாய் மிரளும். உடும்பு குறுக்கே போகும். கிழக்குக் கரை முழுவதும் இப்போது நீர்நாய்க் கூட்டங்கள் நடமாடுகின்றன, குட்டிகளோடு இருந்தால் அவை நாய்க்குப் பயப்படாது, கடிக்கவே வரும். பாசிர் ரிஸ் பக்கமானால் காட்டுப்பன்றி. இதில் எதைப் பார்த்தாலும் நின்று, நாயைக் காலோடு ஒட்டிப் பிடித்து, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். படம் எடுக்க நிற்க வேண்டாம். அப்பாவிடம் இதை ஒரு சட்டமாகச் சொல்லாமல், 'நீங்க பார்த்த உடும்பு எவ்வளவு பெரிசுப்பா?' என்று கேட்டுத் தொடங்கிப் பாருங்கள்.

இன்னொன்று. வாரத்தில் மூன்று நாளாவது, வீட்டில் சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது போன்ற சமநிலைப் பயிற்சிகள் செய்தால், நாய் இழுத்தாலும் சமாளிக்கிற கால் கிடைக்கும். வட்டாரச் சமூக மன்றத்திலோ முதியோருக்கான துடிப்பாக மூப்படையும் நிலையத்திலோ விசாரித்தால் வகுப்புகள் இருக்கும்.

எங்கள் நாய் கடல் தண்ணீரைக் குடிக்கிறது. பரவாயில்லையா? (மரின் பரேட் வாசகர்)

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஒரு வாய் போனால் வயிற்றுப்போக்கு, நிறையப் போனால் உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்புவரை போகலாம். தாகம் எடுத்துத்தான் குடிக்கிறது, ஆகவே நல்ல தண்ணீரை நீங்கள் முந்திக்கொண்டு கால் மணிக்கு ஒரு முறை கொடுங்கள். கரை ஒதுங்கிய செத்த மீனை வாயில் கவ்வ விடாதீர்கள், பேத்தை மீனாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. தூண்டில் போடும் இடங்களில் முள்ளும் நூலும் கிடக்கும். அலையில் விளையாடியதும் பூங்காக் குழாயிலேயே கால் இடுக்கு, வயிறு, காது மடல் எல்லாம் நன்னீரில் அலசிவிடுங்கள். 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோது ஈஸ்ட் கோஸ்ட் கரையின் பகுதிகளை வாரக்கணக்கில் மூடி வைத்திருந்தார்கள். அறிவிப்புப் பலகை வைத்திருந்தால் அது நாய்க்கும் சேர்த்துத்தான்.

வெயிலில் நாய்க்கு என்ன ஆபத்து? எங்கள் நாய் ஷிட்ஸூ. (காத்தோங் வாசகி)

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. உங்களுடையதைப் போல மூக்கு சப்பையான ஷிட்ஸூ, பக், பிரெஞ்சு புல்டாக் வகைகளுக்கு மூச்சுப் பாதையே குறுகல் என்பதால் இரட்டிப்பு ஆபத்து. புறங்கையைச் சிமெண்டுப் பாதையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. எச்சில் கெட்டியாக ஒழுகுவது, ஈறு கருஞ்சிவப்பாவது, தள்ளாடுவது, வாந்தி, இவற்றில் ஒன்று தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, காற்று வரச் செய்து, உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஷிட்ஸூவை நான் என்றால் விடியலில் அரை மணி நேரத்துக்கு மேல் நடத்த மாட்டேன். நீண்ட நடை உங்களுக்கு வேண்டுமென்றால் அதை வீட்டில் விட்டுவிட்டு இரண்டாவது சுற்று நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

மழையையும் மறக்காதீர்கள். ஏப்ரல் முதல் நவம்பர்வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து சூறைக்காற்று மழை திடீரென்று வந்து அடிக்கும், மின்னலோடு. திறந்த கரையில் இருக்கக் கூடாத நேரம் அது. மைஎன்வி செயலியில் மழைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இடி சத்தம் கேட்டால் மரத்தடிக்கு ஓடாமல் கட்டடத்துக்குள் போங்கள்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். நாயோடு மின்தூக்கியில் போகச் சங்கடமாக இருக்கிறது. (உட்லண்ட்ஸ் வாசகர்)

சங்கடப்படுவதே நல்ல குணம், ஆனால் அதிகம் யோசிக்க வேண்டாம். நாயின் எச்சில் பட்டால் பல முஸ்லிம்கள் சமய முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், தொழுகைக்குக் கிளம்பியவராக இருந்தால் அது பெரிய தொந்தரவு. மின்தூக்கியில் ஏற்கெனவே ஆள் இருந்தால் 'நீங்கள் போங்கள், நான் அடுத்ததில் வருகிறேன்' என்று சொல்லுங்கள். உள்ளே நீங்கள் இருந்து வேறு யாரும் ஏறினால் நாயை மூலையில் நிறுத்தி நீங்கள் நடுவில் நில்லுங்கள். இப்படி நடந்துகொண்டால் அவர்களே உங்கள் நாயின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். மயிரையும் மலத்தையும் தாழ்வாரத்தில் விட்டுவிட்டு நல்லுறவு எதிர்பார்க்கக் கூடாது, அது எந்த இனத்தாரிடமும் நடக்காது. கடற்கரையிலும் இதே கதைதான். பூங்காக்களில் நாயைக் கயிற்றில் பிடித்திருப்பதும் கழிவை எடுப்பதும் விதி, 'எங்க நாய் ஒண்ணும் பண்ணாது' என்பது விதிவிலக்கு ஆகாது.

பூசை அறை உள்ள வீட்டில் நாய் வளர்க்கலாமா என்று மருமகள் கேட்கிறாள். (ஜூரோங் வாசகி)

பைரவருக்கு வாகனமே நாய்தான். கதவைச் சாத்திவிட்டு விளக்கேற்றுங்கள், மருமகளுக்கு வேறு காரணம் இருக்கலாம், அதைக் கேளுங்கள்.

வயது 70. இனிமேல் நாய் வளர்க்கத் தொடங்கலாமா? குட்டி வாங்கலாம் என்று இருக்கிறேன், தினமும் கடற்கரைக்குக் கூட்டிப் போக ஒரு துணை. (பொங்கோல் வாசகர்)

நாய் சரி, குட்டி வேண்டாம். என் கருத்து இதில் கொஞ்சம் கறார். சின்ன வகை நாய்கள் பன்னிரண்டு, பதினைந்து வயதுவரை வாழும். அதாவது உங்கள் 85ஆம் வயதில் அதற்கு முதுமை. அதற்கு முன் முதல் வருடம் முழுவதும் இரவில் விழிப்பு, கடித்த செருப்பு, தரையில் சிறுநீர். முதல் தடுப்பூசிகள் முடியும்வரை கடற்கரைக்கும் கொண்டுபோக முடியாது. நீங்கள் தேடுவது நடைத்துணை, அதற்கு ஆறேழு வயதான, குணம் தெரிந்த, கயிற்றில் நடக்கப் பழகிய நாய்தான் தோது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட வகைப் பட்டியலில் இருக்க வேண்டும். கலப்பின உள்ளூர் நாய்களுக்கு 'அடோர்' திட்டம் இருக்கிறது. எஸ்பிசிஏ, எஸ்ஓஎஸ்டி போன்ற விலங்குநல அமைப்புகள் வழியாகத் தத்தெடுக்கலாம், 2020 முதல் தோள் உயரம் 55 சென்டிமீட்டர்வரை அனுமதி, கருத்தடையும் கீழ்ப்படிதல் பயிற்சியும் கட்டாயம். என் வீட்டு நாய் லட்டு அந்த உள்ளூர் ரகம்தான், அதனால் நான் பக்கச்சார்பாகத்தான் பேசுவேன், இந்த வெக்கைக்குப் பிறந்த உடம்பு அவற்றுடையது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எந்த நாய்க்கும் உரிமம் எடுக்க வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

இதைவிட முக்கியமானது, உங்களுக்கு மருத்துவமனை வாசம் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பது. 'பிள்ளைகள் பார்த்துப்பாங்க' என்று மனதில் நினைப்பது போதாது, பிள்ளையிடம் வாய்விட்டுக் கேட்டு, பதிலை எழுதி, மருத்துவச் செலவுக்கு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவிட்டு அப்புறம் நாயைக் கொண்டுவாருங்கள். பிள்ளை தயங்கினால், தத்தெடுக்காமல் அந்த அமைப்புகளின் நாய்களைச் சில மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வளர்ப்பு முறையை விசாரியுங்கள். நடைக்கு அதுவும் வரும்.

என் நாய்க்கு 13 வயது. எனக்கு இன்னும் நன்றாக நடக்க முடிகிறது, அதற்குத்தான் முடியவில்லை. தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனால் ஊரே சிரிக்காதா? (சிக்லாப் வாசகி)

சிரிக்கட்டுமே. முதல் இருபது நிமிடம் அது தன் காலில் நடக்கட்டும், எங்கே உட்காருகிறதோ அங்கே வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், மிச்சம் உங்கள் நடை. கடலோரத்தில் அதற்கு வேண்டியது காற்றும் வாசனையும், இரண்டும் வண்டியிலும் வரும். உங்களுக்கும் வண்டியின் கைப்பிடி ஒரு ஊன்றுதுணை. சக்கரம் பெரிதாக உள்ள வண்டியாகப் பாருங்கள், சின்னச் சக்கரம் மணல் படிந்த பாதையில் சிக்கிக்கொள்ளும், மேல்மூடி இருந்தால் வெயிலுக்கு நல்லது. நடந்த மறுநாள் காலையில் எழுந்திருக்கத் தயங்கினாலோ, படியேற மறுத்தாலோ, ஒரே காலை நக்கிக்கொண்டே இருந்தாலோ வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மூட்டுவலிக்கு நாய்க்கும் மருந்து உண்டு. நமக்குப் போடும் வலி மாத்திரையை மட்டும் பாதி உடைத்துக் கொடுத்துவிட வேண்டாம், பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாயைக் கொன்றுவிடக் கூடியவை.

நடை முடிந்ததும் ஒரு தே தாரிக் குடிக்காவிட்டால் எனக்கு நாளே ஓடாது. உணவங்காடிக்குள் நாயை விட மாட்டேன் என்கிறார்கள். வெளியே தூணில் கட்டிவிட்டுப் போகலாமா? (பிடோக் வாசகர்)

கட்டக் கூடாது. யாராவது சின்னப் பிள்ளை தொடப் போகும், யாராவது பயப்படுவார்கள், கயிறு அவிழ்ந்தால் அடுத்தது விரைவுச்சாலை. உணவங்காடி நிலையங்களுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை என்பது சுகாதார விதி, கடைக்காரரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. துணைக்கு ஒருவர் இருந்தால் ஒருவர் நாயோடு வெளியே, மற்றவர் போய்ப் பொட்டலம் கட்டி வாங்கி வரலாம், கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து குடிக்க அந்தக் கடை மேசையைவிட இது மேல். தனியாகப் போகிறவர் என்றால் வீட்டிலேயே போட்டு ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள். இரண்டு கப் கொள்ளும் ஃபிளாஸ்க்காக வாங்கினால் நல்லது, ஏனென்றால் நாயோடு உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு யாராவது ஒருவர் பேச வந்துவிடுவார்.